பனிமலையூரில் ஒரு பருவம்

'சீசன்' என்னும் ஆங்கிலச் சொல் தென்பாண்டி நாட்டு மக்களுக்குக் குற்றாலத்தின் வாயிலாகவே பழக்கமாயிற்று. ஆனி பிறந்து மேல்காற்று வீசிச் சாரல் தூவத் தொடங்கும் நாளை எதிர்நோக்கி, அருவிக்கரையில் கடை வைத்திருப்போரும், வீடுகளை வாடகைக்கு விடுவோரும், எண்ணெய் தேய்த்துவிடுவோரும் வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்பர். அருவி விழுந்தால் அவர்களுக்குச் சோறு. விழாதொழியின் அவ்வாண்டு கடன். இதனை மனத்திற்கொண்ட வாசகர்கள், யாம் ஈண்டு எழுதப்புகும் தூரதேசத்து மலையூரின் வாழ்க்கையை எளிதில் உணர்ந்துகொள்வர். அங்கே அருவிக்குப் பதிலாக வெண்பனி. மற்றவையெல்லாம் ஏறக்குறைய ஒன்றே.

இக்கலாசாலையை விட்டு நீங்கியபின், விடுதி நடத்தும் தொழிலைக் கற்கும்பொருட்டு யாம் ஸ்விட்ஸர்லாந்து தேசம் சென்றிருந்தோம். யாம் பயின்ற தொழிற்கல்லூரியில், புத்தகப் படிப்பு முடிந்தபின் சில மாதங்கள் ஒரு விடுதியிலே சம்பளத்திற்கு வேலை பார்த்தல் வேண்டும் என்பது விதி. அவ்விதியின்படி 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து நடுவிலிருந்து 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரையில், பெர்ன் மாகாணத்து மலைகளிடையே உள்ள வெங்கன் என்னும் ஊரில் யாம் பணிபுரிந்தோம். விடுதியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அவ்வூரிலுள்ள விடுதிகளிற் பெரியதுமன்று, சிறியதுமன்று என்று சொல்லின் போதும்.

இன்டர்லாக்கன் நகரிலிருந்து மின்சார வண்டியேறித் தெற்கே செல்வோமாயின் லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு எதிர்ப்படும். இருமருங்கும் மதில் எழுப்பியதுபோன்ற செங்குத்தான பாறைகள். அவற்றின் உச்சியினின்று ஏறக்குறைய 300 மீட்டர் உயரம் வீழும் ஷ்டௌபாக் என்னும் அருவி, யாம் சென்ற நாளில், ஓரமெல்லாம் உறைந்து பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அங்கே வேறு வண்டிக்கு மாறவேண்டும். 1893-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அச்சிறு இருப்புப்பாதையின் நடுவே பல் அமைந்த தண்டவாளம் ஒன்றுண்டு. வண்டியின் அடியிலுள்ள பற்சக்கரம் அதனைக் கவ்விக் கவ்வி ஏறும். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி ஏறியவர் இதன் இயல்பை அறிவர். 795 மீட்டர் உயரத்திலிருந்து 1,274 மீட்டர் உயரத்திற்கு ஏறக்குறையக் கால்மணி நேரத்தில் எம்மை ஏற்றிவிட்டது. வெளியூரிலிருந்து வெங்கனுக்கு மோட்டார் வண்டி வரும் சாலை கிடையாது. மாவு மூட்டையும், மெத்தையும், கடிதமும், மணப்பெண்ணும் அவ்வண்டியிலேதான் வரவேண்டும். நிலையத்தினின்று விடுதிகளுக்குப் பெட்டிகளைச் சுமப்பன ஓசையற்ற சிறு மின்சார வண்டிகள். ஊரின் நிலையான குடிகள் சுமார் 1,300 பேர். பனிப்பருவத்தின் உச்சத்திலோ சுமார் 10,000 பேர். இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட ஜனங்களில் ஒரு கூட்டம் சறுக்க வந்தோர். மற்றொரு கூட்டம் அவர்களுக்குச் சோறிட வந்தோர். யாம் பின்னதைச் சேர்ந்தோம்.

ஊருக்கு எதிரே யுங்பிராவ் என்னும் சிகரம் 4,158 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதன் பெயருக்குக் கன்னி என்று பொருள். அருகே துறவி என்று பொருள்படும் மோங்க், அதற்கப்பால் ஐகர். ஐகரைப் பூதமாக்கி, அப்பூதம் கன்னியை அணுகாவண்ணம் துறவி நடுவே நின்று காக்கிறான் என்று அவ்வூரார் கதை கட்டுவர். மலைகளுக்கு இடையே உறவுமுறை கற்பித்தல் எம் நாட்டார்க்கு மட்டும் உரிய வழக்கமன்று போலும்.

பனி என்னும் சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, அவற்றுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்டனர். ஆயினும் அவர்கள் கண்ட பனி, புல்நுனியில் நின்று ஞாயிறு தோன்றியதும் மறையும் பனியே. வெங்கனில் யாம் கண்டது அதுவன்று. கடுங்குளிரில் புதிதாய் விழுந்தது அரிசிமாவுபோல் விரலிடையே உதிரும். உருண்டையாய்ப் பிடிக்க வராது. சில தினங்கள் கிடந்தது கல்லுப்புப்போல் மணிமணியாகும். ஈரம் ஏறினால் இட்டிலி மாவுபோல் கனத்துக் கூரையினின்று 'தொப்'பென்று விழும். மிகுந்த குளிரில் அதன்மேல் நடந்தால் புதுச்செருப்புப்போல் கிறீச்சிடும். இவ்வோசையைக் கேட்டே அன்றைய குளிரின் அளவைச் சொல்லவல்லார் எம் விடுதியில் இருந்தனர்.

குளிர்காலத்தில் மலைக்குப் போவது இன்பம் என்னும் எண்ணம் மிகப் பழையதன்று. ஸாங்க்ட் மோரிட்ஸ் என்னும் ஊரில் விடுதி வைத்திருந்த யோஹன்னஸ் பட்ருட் என்பார், 1864-ஆம் ஆண்டில், கோடை முடிந்து ஊர் திரும்பவிருந்த ஆங்கில விருந்தினரை நோக்கி, 'குளிர்காலத்திலும் வாருங்கள். வெயில் இல்லையாயின் உங்கள் வழிச்செலவை யானே தருவேன்' என்று பந்தயம் கட்டினாரெனவும், வந்தவர் முகம் கறுத்து மனம் மகிழ்ந்து வசந்தத்தில் திரும்பினரெனவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், ஆங்கிலேயரே அவ்விளையாட்டை வளர்த்தனர் என்பது மெய். வெங்கனுக்கு எதிர்ப்பாறைமேல் உள்ள முர்ரன் என்னும் ஊரில் 1922-ஆம் ஆண்டு ஆர்னால்ட் லன் என்பார் கொடிகளை நட்டு அவற்றினிடையே வளைந்து வளைந்து சறுக்கும் பந்தயத்துக்கு விதி வகுத்தார். வெங்கன் மலைச்சரிவில் லௌபர்ஹார்ன் பந்தயம் 1930-ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. அதன் தடம் ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர் நீளமுடையது. ஜனவரியில் அப்பந்தயம் நடக்கும் நாட்களில் எம் ஊர் திருவிழாக் காணும். யாமோ அதனைச் சமையலறையிலிருந்த தொலைக்காட்சியிற் கண்டோம். மலை சன்னலுக்கு வெளியேதான் இருந்தது.

இனி வேலையைக் கூறுவாம். காலை ஐந்தரை மணிக்கு எழுதல். ஆறேகாலுக்குள் உணவுக்கூடத்தில் ரொட்டியும், பாலாடைக்கட்டியும், பழரசமும் வரிசைப்பட வேண்டும். எட்டரைக்குமேல் விருந்தினர் தம் கனத்த காலணிகளை வேண்டிக் கீழறைக்கு வருவர். அவ்வறையில் ஒவ்வொரு காலணிக்கும் ஒரு குழாய் வைத்து, அதன்வழியே வெப்பக்காற்றை ஊதி இரவெல்லாம் உலர்த்துவர். நூறு இணைக் காலணிகள் ஒருங்கே உலரும் அறையின் மணத்தை வருணித்தல் இம்மலரின் மரியாதைக்கு ஒவ்வாது. சனிக்கிழமை வந்துவிட்டாலோ போர்க்களம். ஒரு வாரத்து விருந்தினர் காலையில் நீங்க, மறு வாரத்து விருந்தினர் மாலையில் வந்திறங்குவர். இடையிலுள்ள ஐந்து மணி நேரத்தில் நாற்பது அறைகளும் புதிதாக வேண்டும்.

பகல் இரண்டு மணிக்குமேல் மாலை ஐந்தரை வரையில் ஓர் ஓய்வு உண்டு. அதற்கு 'ட்சிம்மர்ஷ்டுண்டே' என்று பெயர்; 'அறைப்பொழுது' என்னலாம். உண்மையில் அப்பொழுதில் அறையில் இருப்பவர் சிலரே. ஊழியர்க்கு ஒதுக்கிய அறை நிலவறையில் இருந்தது. இருவர்க்கு ஓர் அறை. அதற்குரிய வாடகையையும், உணவின் விலையையும் சம்பளத்தினின்று பிடித்துக்கொள்வர். சன்னலுக்கு வெளியே பனி ஏறி நிற்பதால் பகலிலும் விளக்கு வேண்டும். ஆகவே கால் வலித்தாலும் யாவரும் மேலேறி வெயிலுக்கு ஓடினர். யாம் சறுக்கக் கற்றதும் அவ்வறைப்பொழுதிலேதான். எமக்கு ஆசான், காலணியறைக்குப் பொறுப்பாயிருந்த பதினெட்டு வயதுப் பையன். 'கீழே பாராதீர், போக விரும்பும் இடத்தைப் பாரும்' என்பான். ஐந்து வயதுக் குழந்தைகள் வாத்துக்குஞ்சுகள்போல் வரிசையாய் எம்மைக் கடந்துபோக, யாம் ஒரு மாதம் பெரும்பாலும் வீற்றிருந்தே அவ்வித்தையைக் கற்றோம்.

அவ்வூர்ப் பேச்சில் எம்மை மகிழ்வித்தது ஒன்று. ஜெர்மன் நூல்களிற் கற்ற மரியாதைச் சொல்லை அவர்கள் வழங்குவதில்லை. பெர்ன் நாட்டார் ஒருவரை மரியாதையாய் விளிக்கப் பன்மையிலே 'நீங்கள்' என்பர். நாம் செய்வதும் அதுதானே. 'க்ரூயெசெக்' என்னும் அவர்களது முகமனிலும் அப்பன்மை ஒளிந்திருக்கிறது. இதனை எமக்கு விளக்கியவர் ஸ்விஸ் நாட்டவர் அல்லர், யாழ்ப்பாணத்துத் தமிழர்.

சமையலறையில் முதல் நாள் யாம் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, 'தம்பி எந்த ஊர்?' என்று முதுகுப்புறம் ஒரு குரல் கேட்டது. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் இலங்கையினின்று புகலிடம் தேடி ஆயிரக்கணக்கான தமிழர் அத்தேசம் சேர்ந்தனர். இன்று அவர்களும் அவர்கள் மக்களும் சுமார் ஐம்பதினாயிரம் பேர். வந்தோர்க்கு எளிதிற் கிடைத்த வேலை விடுதிகளின் அடுக்களையில் பாத்திரம் கழுவுதல். இவரும் அவ்வாறு தொடங்கி, நறுக்குவோராய், பொரிப்போராய், இன்று தலைமைச் சமையற்காரருக்கு அடுத்த நிலையில் இருந்தார். யாம் எம்மூர் வழக்கப்படி 'அண்ணாச்சி' என்றழைக்க, அவர் நகைத்து, 'அண்ணை எண்டே சொல்லும். அண்ணாச்சி எண்டால் கடைக்காரர் மாதிரிக் கிடக்கு' என்றார். உருளைக்கிழங்கைத் துருவி வார்க்கும் 'ரோஷ்டி' என்னும் பெர்ன் நாட்டுப் பண்டத்தை அவர் கை பக்குவமாய்ச் செய்யும். ஊர் முதியோர் அதனையுண்டு தம் பாட்டியரை நினைப்பர். செய்தவர் பருத்தித்துறையார் என்பதை அவர்கள் அறிவரோ, யாம் வினவவில்லை.

யாம் போய்ச் சேர்ந்த பத்துத் தினங்களில், கிறிஸ்துமஸ் வாரத்தில், மழை பெய்தது. எம் நாட்டில் மழை என்றால் மகிழ்ச்சி. அங்கே அன்று விடுதி முழுவதும் இழவு வீடுபோல் இருந்தது. தென்திசையினின்று மலையைத் தாண்டி இறங்கும் 'ஃபூன்' என்னும் வெப்பக்காற்றும் வீசிற்று. மலையின் அப்புறம் ஈரத்தைச் சொரிந்துவிட்டு இப்புறம் இறங்குகையில் காற்று அமுக்கப்பட்டுச் சூடேறுவதே அதன் காரணம். அது வீசினால் பனி உருகுவதோடு, மரவீடுகள் உலர்ந்து தீக்கும் இரையாகும். அண்டையூராகிய கிரிண்டல்வால்ட் 1892-ஆம் ஆண்டில் அத்தகைய காற்றில் எரிந்தது. 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று, அத்தேசத்தின் வடமேற்கிலுள்ள டெலேமோன் நகரில் வெப்பம் 20 பாகைக்கு மேற்பட்டது. எம் விடுதியின் எதிர்ச்சரிவில் புல் பசுமையாய்த் தெரிந்தது. அதனிடையே வெள்ளைத் துணியைக் கிழித்துப் போட்டாற்போல் ஒற்றைச் சறுக்குத் தடம்.

அவ்வெள்ளைத் துணி மனிதர் நெய்தது. தடத்தின் ஓரங்களில் பெரிய ஊதுகுழல்கள் நிற்கின்றன. அவை தண்ணீரை நுண்துளிகளாகச் சிதறி, அழுத்திய காற்றுடன் வானில் எறிகின்றன. நிலத்தை அடையுமுன் துளிகள் உறைந்து பனியாய் விழும். வெப்பமானி சுழிக்குக் கீழே இரண்டு மூன்று பாகையாவது இறங்கினாலன்றி இவ்வேலை நன்கு நடவாது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பின் அதனினும் அதிகமாய் இறங்கவேண்டும். இதற்கு வேண்டிய நீரைக் கோடையிலே மலைமேற் குளம் வெட்டிச் சேமிப்பர். ஸ்விட்ஸர்லாந்தின் சறுக்குத் தடங்களில் ஏறக்குறையப் பாதி இன்று இவ்வாறு பனி பெறத்தக்கன. குளிர் வந்த இரவெல்லாம் அக்குழல்கள் முழங்கும். பனியைச் சமன்செய்யும் சங்கிலிச்சக்கர வண்டிகளின் விளக்குகள் நள்ளிரவில் மின்மினிபோல் சரிவில் ஊர்வதை யாம் நிலவறையினின்று வெளிவந்து பார்த்ததுண்டு. அவ்வண்டிகளை ஓட்டுவோரும் எம் இனத்தவரே. உலகம் உறங்க, உழைப்போர்.

மழையால் அறைகள் சில ஒழிந்தன. ஒழிந்த அறைக்கு ஊழியர் வேண்டுவதில்லை. புத்தாண்டு பிறந்த மறுவாரத்தில், பாத்திரம் கழுவிய இருவர்க்கும், எம் அறைத்தோழர்க்கும், சில தினங்களின் அறிவிப்போடு விடை கொடுத்தனர். தோழர் அர்ஜென்டீனா தேசத்தவர். பாட்டனார் இத்தாலியர் ஆதலின் இத்தாலியச் சீட்டுப் பெற்று, தம் நாட்டுக் கோடையைத் துறந்து, கடல் கடந்து இக்குளிருக்கு வந்தவர். கப்பலுக்கும் விமானத்துக்கும் வாங்கிய கடனில் பாதிகூட அவர் அடைத்திலர். மேலாளர் கொடியவர் அல்லர். 'வானத்தோடு யான் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லையே' என்றார். அஃது உண்மையே. ஆயினும் வானம் செய்த குற்றத்துக்கு அபராதம் செலுத்துவோர் எப்போதும் நிலவறையிலிருந்தே தெரிந்தெடுக்கப்படுவதன் காரணத்தை அவர் சொல்லிற்றிலர். அண்ணை அன்றிரவு, 'தம்பி, மழை பெய்தால் முதல் வெட்டுறது கழுவுறவனைத்தான். கறி வெட்டுறவனைப் பேந்துதான் பாப்பினம். நான் இதுமாதிரி மூண்டுதரம் பெட்டி கட்டினனான்' என்றார். தோழர் தம் கையுறைகளை எமக்கு விற்றுவிட்டுப் போனார். விலையாகத் தந்த பணத்துக்குமேல் யாம் கொடுத்ததை அவர் வாங்கவில்லை.

இச்செய்தியைப் படுக்கையறைகளுக்குத் தலைவியாய் இருந்த போர்த்துக்கேயப் பெண்மணியிடம் யாம் வருந்திக் கூறினோம். நாற்பது வயது கடந்தவர்; அதிகம் பேசார். மடித்துக்கொண்டிருந்த விரிப்பை நிறுத்தாமலே தம் கதையைச் சொன்னார். அத்தேசத்தில் 1931-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பருவத்தொழிலாளி என்றொரு வகுப்பு இருந்தது. அவர்கள் ஆண்டில் ஒன்பது மாதத்துக்கு மேற்படாமல் வேலை செய்யலாம். பின் நாட்டைவிட்டு நீங்கவேண்டும். மனைவி மக்களை உடன் கொணர்தல் கூடாது. பெற்றோர் பலர் பிரிவாற்றாது, குழந்தைகளை மறைவாய்க் கொணர்ந்து அறைக்குள்ளே வளர்த்தனர். 'அலமாரிக் குழந்தைகள்' என்று பிற்காலத்தார் அவர்களுக்குப் பெயரிட்டனர். அவ்வாறு ஆயிரக்கணக்கானோர் வளர்ந்தனர். இப்பெண்மணி அவருள் ஒருவர்.

'எனக்கு ஆறு வயது. அம்மா ஒரு விடுதியில் அறை கூட்டினாள். நாங்கள் இருந்தது கூரையடியில். ஓடாதே, உரக்கப் பேசாதே, கதவைத் தட்டினால் கட்டிலின் கீழே போ என்பாள். சன்னலருகே போவதும் கூடாது, ஆனால் போவேன். கீழே குழந்தைகள் பனியில் உருள்வார்கள். பனி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரவில் அம்மா ஒரு கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு வந்து தந்தாள். விளையாடி முடிப்பதற்குள் தண்ணீராகிவிட்டது. அழுதேன், அழக்கூடாது என்று வாயைப் பொத்தினாள்.'

இரண்டு குளிர்காலம் அவ்வாறு கழிந்ததாம். ஐரோப்பிய ஐக்கியத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் அவ்வகுப்பு 2002-ஆம் ஆண்டில் ஒழிந்தது. அவருடைய மகன் இன்று பள்ளத்தாக்கிலுள்ள பள்ளியில் வெளிப்படையாகப் படிக்கிறான். எமக்குச் சறுக்கக் கற்பித்த பையனைப்பற்றி மேலே கூறினோமன்றோ? அவன் அவ்வம்மையாரின் மூத்த மகன் என்பதை அன்றே யாம் அறிந்தோம். அவன் சரிவில் இறங்கும்போது தாய் மேல்மாடிச் சன்னல் ஒன்றில் நின்று பார்ப்பதை அதன்பின் பலமுறை கண்டோம், அதற்குமுன்னும் நின்றிருப்பார்.

ஜனவரி நடுவில் குளிர் திரும்பிற்று. பனியும் சிறிது விழுந்தது. மிகுதியாய் விழுந்த நாட்களில் விடியுமுன் மலையில் வெடியோசை கேட்கும். சரிவில் தங்கிய பனிப்பொதி எதிர்பாராது சரிந்து மக்களைப் புதைக்காவண்ணம், காவலர் வெடிவைத்து அதனை முன்னரே சரித்துவிடுவர். அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து அன்றாடம் அறிவிப்பர். ஆஸ்திரியாவிலுள்ள கல்டுயூர் என்னும் ஊரில் 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி வீழ்ந்த பனிச்சரிவில் 31 பேர் மாண்டதை முதியோர் இன்றும் பேசுவர். பனி இல்லையாயின் பட்டினி. அளவிறந்து வருமாயின் மரணம். விருந்தினரோ வெடியோசையை இடியென்று கருதித் திரும்பிப் படுப்பர்.

ஏப்ரல் மாதத்தில் விருந்தினர் குறைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசிக் குடும்பமும் இறங்கிப் போயிற்று. திங்கள் முதல் யாம் மெத்தைகளை நிறுத்தி வைத்தோம். அடுப்புகளின் எண்ணெய்க் கறையைச் சுரண்டினோம். சரிவின் அடியில் பனி வற்றியவிடத்தே ஒற்றைக் கையுறைகளும், ஊன்றுகோல்களும், சாவிகளும், யாரோ ஒருவரின் பல்வரிசையும் அகப்பட்டன. உருகும் பனியின் விளிம்பைத் துளைத்துக்கொண்டு, ஊதாநிறச் சிறு பூக்கள் கிளம்பின. சமையலறைப் பலகையில் மேலாளர் ஒரு தாள் ஒட்டினார். டிசம்பரில் மீண்டும் வருவோர் தம் பெயரை அதில் எழுதலாம். அப்பெண்மணி முதலில் எழுதினார். அண்ணை பேனாவைக் கையிலெடுத்துச் சிறிதுநேரம் நின்றார். அவர்க்கு ஓய்வுக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெர்ன் நகரில் மகளும் பேரப்பிள்ளையும் இருந்தனர். 'இந்த முறை பனி எப்பிடியோ பாப்பம்' என்று சொல்லி, பெயரெழுதாமலே பேனாவை எம்மிடம் நீட்டினார். எமக்குக் கல்லூரி திறக்கும் தேதி குறித்தாயிற்று ஆதலின், யாம் அதனை அடுத்து நின்றவரிடம் கொடுத்தோம். மறுநாட்காலை அவரும் யாமும் ஒரே வண்டியில் இறங்கினோம். வழியில் புல்வெளிகளில் மாட்டுக் கொட்டில்களைத் திறந்து சாணம் வாரிக்கொண்டிருந்தனர். ஷ்டௌபாக் அருவி முழுதும் உருகிப் பேரோசையோடு விழுந்துகொண்டிருந்தது. 'உங்கடை குற்றாலம் இவ்வளவு உயரமோ, தம்பி?' என்று அவர் கேட்டார். இல்லை என்றோம், அங்கே அதன் அடியில் நின்று குளிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.